எட்டாத துணி

கரமனையிலிருந்து பஸ் ஏறி வரும் பகவதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அட்டெண்டர். 1998இல் ஒரு காலை, சிசேரியன் முடிந்து மூன்று நாளான கலைச்செல்விக்கு, தொப்பை விழாதிருக்க அவள் அம்மா வயிற்றில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். நேற்று ஒரு சாண் மிஞ்சிய துணி இன்று முடிச்சுக்கே எட்டவில்லை.

"வாயுவாக்கும். இறுக்கினா அமுங்கிரும்," என்றாள் அம்மா.

மலையாளி நர்ஸும், "கேஸாணு சேச்சி," வெறும் வாயுதான் என்று சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை.

பகவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை உருவிக்கொண்டு போய் டாக்டர் மேசையில் போட்டாள்.

"நேத்து மிஞ்சிச்சு, இன்னைக்கு எட்டல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. வந்து பாருங்க."

டாக்டர் வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பெருங்குடல் உப்பி வெடிக்கும் நிலையில் இருந்தது. மறுபடி ஆபரேஷன் செய்தார்கள், கலைச்செல்வி பிழைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்து, மறுபடி வயிற்றில் கட்டத் துணியைக் கேட்டாள்.

"அதுல தரை துடைச்சாச்சு," என்றாள் பகவதி.