ஒல்லிக் கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பட்டப்பெயர். வெடித்த நட்சத்திரங்களின் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து கணினிக்கு வரும். அதில் கலந்திருக்கும் வானத்து வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்து வாயுவின் வெளிச்சத்தையும் கழித்துத் தருவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அவள் கழித்துத் தந்ததை வைத்துத்தான் இயக்குநர் கட்டுரை எழுதினார். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. நன்றி கெட்ட மனுஷன். அவரைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை ஒரு வெடிப்பின் ஒளி வரைபடத்தில் ஒல்லியாக ஒரு ஹைட்ரஜன் கோடு எழுந்தது. நட்சத்திரம் முன்பே கக்கி வைத்த வாயுவில் அதிர்ச்சி அலை போய் மோதினால் அப்படி எழும்; அபூர்வமாகத்தான் சிக்கும். இயக்குநர் தலைகால் புரியாமல் குதித்தார்.

அவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கழிப்பதற்கான மாதிரியை நட்சத்திரத்தை ஒட்டி எடுக்காமல், தள்ளிப்போய் வெறும் வானத்தில் எடுக்கச் சொன்னவர் அவரேதான். பக்கத்தில் கிடந்த வாயு கழியாமல் நின்றுவிட்டது.

“சார், இது மோதல் இல்ல. பக்கத்து வாயு. ஒட்டி எடுத்துக் கழிச்சா கோடு காணாமப் போயிடுது.”

“ஏம்மா, கழிக்கிறது உன் வேலை. அர்த்தம் சொல்றது என் வேலை. கோடு அப்படியே இருக்கட்டும், உன் பேரையும் சேத்துப் போடுறேன்.”

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பஸ் ஓட்டும் கணவர் ஒவ்வொரு கட்டுரையிலும் அவள் பெயரைத் தேடித் தேடி ஏமாந்தவர்.

“பொய்க்கு என் பேரு வேணாம் சார்.”

“அப்ப வாய மூடிக்கிட்டு இரு.”

கட்டுரை வந்தது. கைதட்டலும் வந்தது. ஒரு வருடம் கழித்து, வெடிப்பு மங்கி இருந்த இடம் தெரியாமல் போன பிறகு, வேறொரு குழு அங்கேயே பார்த்தது. நட்சத்திரம் இல்லை, கோடு மட்டும் குத்துக்கல் மாதிரி அதே உயரத்தில் நின்றது. இயக்குநரின் குட்டு உடைந்தது. நன்றாக வேண்டும் என்று அவள் வயிறு குளிர்ந்தது.

அடுத்த மாதம் பத்திரிகையில் அவருடைய திருத்தக் குறிப்பு வெளியானது. மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாசலிலேயே போனை நீட்டினார். அதிலிருந்த ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்.

“உன் பேரு வந்திருக்கு! டிப்போவுல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்!”

வாங்கிப் படித்தாள். ‘பின்னணியைக் கழித்ததில் எங்கள் உதவியாளர் செய்த பிழை’ என்று எழுதி, அவள் முழுப் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தான் பாவி.

“என்ன எழுதியிருக்காரு?” என்றார் கணவர், முகமெல்லாம் பல்லாக.

“தப்பு பண்ணது நான்தான்னு எழுதியிருக்காரு.”

அவள் கையில் போன் விடாமல் அதிர்ந்தது. டிப்போவிலிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன.