முதுகில் மீதமிருந்த இடம்

வெர்னா ஒரு பொய்யைச் சொல்லித்தான் வயிறு கழுவினாள். சர்க்கஸின் பெரிய கூடாரத்தை ஒட்டி வேடிக்கைக் கூடாரம். அங்கே கையும் முதுகும் இல்லாத கவுனோடு மேடையேறி முதலில் முதுகைத் திருப்பிக் காட்டுவாள். பிறகு சிறு வயதில் கடற்கொள்ளையர் தன்னைத் தூக்கிப் போய், பாய்மரத்தில் கட்டிவைத்து, உடம்பெல்லாம் பச்சை குத்திய கதையைச் சொல்வாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கழுகு, பாம்பு, ரோஜா, கப்பல். அயோவாவின் சோளக்காட்டு ஜனங்கள் கடலைக் கண்டவர்களா என்ன? "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, அவள் படம் போட்ட அட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெர்னாவும் கடலைக் கண்டதில்லை. குத்தியவன் கட்டிய புருஷன்.

ஓரின் ஹாஸ்கெல் ஓமாஹாவில் ஒரு முடிவெட்டும் கடையின் பின்னறையில் பச்சை குத்திப் பிழைத்தான். கல்யாணமான புதிதில் அவள் முழங்கையில் ஒரு ரோஜா குத்தினான். அன்று ஆசையாகத்தான் கையை நீட்டினாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை, கதவைத் தாழிட்டான். "அசையாதடி, கோடு கோணிக்கும்" என்பான். அழகாகக் குத்துவான் பாவி, அதை இல்லை என்று சொல்ல முடியாது. முதுகின் நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை விட்டுவைத்தான். அங்கே தன் முகம் வரும் என்றான். அந்த வேலையைத் தொடங்கும் முன்பே வெர்னா பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள். அந்த உடம்போடு போனால் எந்த வீட்டில் சமையல் வேலை கொடுப்பார்கள்? சர்க்கஸ்தான் வா என்றது.

பயமும் கூடவே ரயிலேறி வந்தது. விளக்கெரிக்கும் மோட்டார் உறுமினால் அவளுக்குப் பச்சை குத்தும் மின்சார ஊசியின் ரீங்காரம் கேட்கும், முதுகு சில்லிட்டுப்போகும். எந்த ஊரிலும் முதலில் தொப்பிகளுக்குக் கீழே அந்த முகத்தைத் தேடுவாள். ஜனங்களுக்கு முதுகைக் காட்டும்போதுதான் உயிர் போய் உயிர் வரும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதே.

பக்கத்து மேடையில் குண்டுப் பெண்மணியாக உட்கார்ந்திருக்கும் ஓட்டிலிக்கு மட்டும் இது தெரியும். "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு எப்படிடி சோறு இறங்குது? எங்கிட்ட குடு கண்ணு, அதையும் சேர்த்துத் தின்னுடறேன்" என்பாள்.

அந்தக் கூடாரத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேடையில் பேசுகிறவர் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. வாசலில் நின்று கூவி ஆள் சேர்க்கும் முதலாளி டுவைட்டுக்கு உள்ளே நடப்பது தெரியாது, கூடாரத் துணிக்கு வெளியே அவருக்குக் காதால்தான் தொழில். வெர்னாவின் கதையில் "பாய்மரம்" என்று காதில் விழுந்தால் அடுத்த கூட்டத்தைக் கூப்பிடுவார். "தாய்நாடு திரும்பினேன்" என்று விழுந்தால் ஓட்டிலி தன் முறைக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாள். சொல் பிசகினால் கூடாரமே தடுமாறிப்போகும்.

ஆகஸ்டு வெயில் துணியைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மதியம். வெர்னா முதுகைத் திருப்பினாள்.

"நடுவுல அந்த இடம் மட்டும் ஏன் காலியா கெடக்கு?" என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் திரும்பினாள். முன்வரிசையில் ஓரின். அக்குளில் ஊசிப்பெட்டி, முகத்தில் சிரிப்பு.

கத்தலாமா? கத்தினால் என்ன ஆகும்? போலீஸ்காரர் வந்து, "புருஷன் கூப்பிடுறான்ல, போம்மா" என்பார். கொள்ளையர் கதையை எடுக்க வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன வாயில் அது வரவில்லை, நிஜம் வந்தது.

"என்னை எந்தக் கொள்ளைக்காரனும் தூக்கிட்டுப் போகல. என் புருஷன்தான் குத்தினான். ஓமாஹாவுல, முடிவெட்டுற கடைக்குப் பின்னால, கதவைச் சாத்திட்டுக் குத்தினான். வேணாம் வேணாம்னு அழுதேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். புதுக் கதை போலிருக்கிறது என்று ஒருவன் விசிலடித்தான். ஓரினும் தட்டினான். தட்டிக்கொண்டே மேடையோரம் வந்து அவள் கணுக்காலைப் பிடித்தான்.

"நல்லாத்தான் சொல்ற. வா, வீட்டுக்குப் போய் மிச்சத்தை முடிச்சுடலாம்."

அப்போதுதான் வெளியே டுவைட்டின் கூவல் நின்றுபோயிருந்தது அவளுக்கு உறைத்தது. கதைப்படி அவள் இன்னும் தாய்நாடு திரும்பவில்லை, ஆனால் ஓட்டிலி எழுந்துவிட்டாள். மேடை முனக இறங்கி வந்து, ஓரினின் பெட்டியைப் பிடுங்கிக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். உள்ளே இருந்ததெல்லாம் நொறுங்கியது. கூடார முளையடிக்கும் ஆட்கள் சம்மட்டியும் கையுமாக நுழைந்தார்கள், பின்னாலேயே டுவைட். ஓரினைத் தூக்கி வண்டிகளுக்கு அப்பால் இழுத்துப் போனார்கள்.

"இடம் இன்னும் இருக்குடி! வருவேன்!" என்று அவன் கத்தியது உள்ளே நன்றாகக் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் வெர்னா மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடித்தாள். டுவைட்டுக்கு வாயெல்லாம் பல்.

"ஜனம் என்னமா கைதட்டுச்சு பாத்தியா? இனிமே இதையே சொல்லு. கொள்ளைக்காரன் கதை ஊசிப்போச்சு."

"வேணாம் முதலாளி. பழசே இருக்கட்டும்."

"ஏன், நிஜத்தைச் சொல்ல வெக்கமா?"

"தினமும் நிஜத்தையே சொல்லிட்டிருந்தா, அவன் மறுபடி வர்ற அன்னைக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டுவைட் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். மணி அடித்தது. வெர்னா மேடையேறி, முகந்தெரியாத ஜனங்களுக்கு முதுகைக் காட்டிவிட்டு, கடற்கொள்ளையர் கதையைத் தொடங்கினாள். வெளியே டுவைட் ஆளைக் கூப்பிட மறந்து, துணியில் காதை வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.