கானாற்றில் கிளச் போன காலை

என் மனைவி பூங்காவனம் அன்று காலை கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். விடிவதற்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நீங்க ரெண்டு ரெண்டா தெரியறீங்க" என்றாள்.

அவள் படுத்திருந்த பாயைப் புரட்டினேன். தலைமாட்டில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. அது கடித்தால் வலிக்காது, வீங்காது. இமை விழும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். மலையில் இருக்கும் எங்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும்.

மாரித்தாயை நம்பும் சொந்தங்களே, இதைக் கோயிலில் வைத்துச் சொல்லும்படி பலமுறை கேட்டீர்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நடந்தது போன கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கல்வராயன் மலையில் எங்களுக்குக் கொஞ்சம் சாமை நிலம் உண்டு. ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கொட்டாயில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கொட்டாயில் போனுக்கு டவர் கிடையாது. ஆம்புலன்ஸ் வர ரோடும் கிடையாது. இருந்தது என் பழைய ஜீப் ஒன்றுதான். அதில்தான் மலைச் சனங்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறேன்.

அந்த ஜீப்புக்கு ஏற்கெனவே ஒரு நோவு இருந்தது. கிளச் எண்ணெய் எங்கேயோ ஒழுகியது. தினமும் காலையில் பிரேக் ஆயில் ஊற்றினால்தான் பெடல் நிற்கும். கள்ளக்குறிச்சியில் பட்டறையில் விட்டு, பெடலுக்கு மேலே இருக்கும் சிலிண்டருக்குப் புது வாஷர் போட்டுக்கொண்டு வந்தேன். அப்படியும் ஒழுக்கு நிற்கவில்லை. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பூங்காவனத்தைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தேன். சரிந்து விழாமல் இருக்கத் துண்டால் இடுப்பைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். பனி ஜீப்பின் மூக்கை மறைத்துக்கொண்டு நின்றது. வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் ஊசி இருக்கிறது, ஆம்புலன்ஸும் இருக்கிறது. அது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது.

பாதி வழியில் ஒரு கானாறு குறுக்கே ஓடும். அதில் இறங்கும்போது சக்கரம் கல்லில் இடித்தது, வண்டி நின்றது. கிளச்சை மிதித்தேன். பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. காலால் நோண்டித் தூக்கினாலும் உயிரில்லாமல் தொங்கியது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் எந்தக் கியரும் விழமாட்டேன் என்கிறது. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டபடியே செல்ஃப் அடித்தேன். மேடேற்றி இழுக்கப் பேட்டரியில் தெம்பு இல்லை. இரண்டு பக்கமும் மேடு. உருட்டவும் வழியில்லை.

"பூங்கா, பேசு. எதனா பேசிக்கினே இரு" என்றேன்.

"நாக்கு... வர்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

நான் கத்தினேன். என் குரல் பனிக்குள் போனது, எதிரொலிகூடத் திரும்பவில்லை. கானாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிறேன், சத்தம் மட்டும் காதில் விழவில்லை. ஒரு குருவி இல்லை, ஒரு தவளை இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது மாதிரி இருந்தது.

பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். கிளச் ஆயில் டப்பா காய்ந்து கிடந்தது. கையில் இருந்ததோ அரை பாட்டில் பிரேக் ஆயில். ஒழுகும் இடம் தெரியாமல் ஊற்றினால் அதுவும் மண்ணுக்குப் போய்விடும். வண்டிக்கு அடியில் படுத்தேன். பனியும் சேறும் சேர்ந்து எல்லாமே ஈரம். எது தண்ணீர், எது எண்ணெய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கேதான் நான் உடைந்துபோனேன். சேற்றில் கிடந்தபடியே அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணுமே புரியல. நீ காட்டு. இவள வுட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெபமும் மந்திரமும் அவ்வளவுதான்.

சட்டென்று திருநீற்றுப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. பூங்காவனம் நம் கோயிலில் வாங்கி, வண்டியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். பிறகு ஆயில் குழாய், பெடல் பக்கத்து மேல் சிலிண்டர், வண்டிக்கு அடியில் இருக்கும் கீழ் சிலிண்டர் எல்லாவற்றையும் என் சட்டையால் ஒற்றியெடுத்து, மிச்சத் திருநீற்றை அவற்றின்மேல் தூவினேன். கொஞ்சம் ஆயில் ஊற்றி, பெடலைக் கையால் நாலு முறை அமுக்கிவிட்டு மறுபடி அடியில் போய்ப் பார்த்தேன்.

வெள்ளைத் திருநீற்றில் ஒரே ஒரு கறுப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் சிலிண்டருக்குள் குழாய் நுழையும் இடத்தில் இருக்கும் நட்டு. இத்தனை நாளும் எல்லோரும் மேலேயே பார்த்தோம், ஒழுகியது கீழே. ஸ்பேனர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். கோடு நின்றது.

ஆனால் அது போதாது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. காற்றை வெளியேற்றினால்தான் பெடல் பிடிக்கும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை அமுத்திப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்துச் சின்னத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். வீட்டில் எப்போதும் பெடலை மிதிப்பவள் பூங்காவனம்தான். "ஸ்பேனர் புடிச்ச கை, ஒரு நாள் சாமியையும் கும்புடட்டும்" என்று மேலே உட்கார்ந்து கிண்டல் அடிப்பாள்.

மிச்ச ஆயிலை ஊற்றிவிட்டு அடியில் படுத்தேன். திருகாணியில் ஸ்பேனரை மாட்டினேன். புத்தி கலங்கியிருந்தது. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அமுத்து."

பெடல் இறங்கியது. திருகாணியைத் திறந்ததும் காற்றும் நுரையுமாக ஆயில் துப்பியது.

மூடினேன். "வுடு" என்றேன். விட்டது. மறுபடி "அமுத்து" என்றேன். அமுங்கியது. பதறாமல், ஒரே சீராக. அவளுக்குக் கால் வந்துவிட்டது, விஷம் இறங்கிவிட்டது என்று எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நுரை குறைந்து, கடைசியில் குமிழி இல்லாமல் சுத்தமான ஆயில் வந்தது. திருகாணியை இறுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தேன்.

பூங்காவனம் வைத்த இடத்திலேயே இருந்தாள். கண் மூடியிருந்தது. மடியில் இரண்டு கையும் நான் வைத்தபடியே கிடந்தன. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

பெடல் மட்டும் பலகை வரை அமுங்கி நின்றது. கடைசியாக நான் "வுடு" என்று சொல்ல மறந்திருந்தேன்.

மெதுவாக, "வுடு தாயே" என்றேன். என் கண் முன்னால் பெடல் நிதானமாக மேலே வந்தது.

அந்தச் சீட்டில் உட்காரக் கால் வரவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனாலும் என் பெண்டாட்டியின் மூச்சு சிறுத்துக்கொண்டே போவது கேட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்சம் நவுந்துக்கோ தாயே, நான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். கிளச் பிடித்தது. கியர் விழுந்தது. வெள்ளிமலை போய்ச் சேரும் வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெள்ளிமலையில் ஊசி போட்டார்கள். நர்ஸம்மா ஒருவர், "கழுத்து மடங்கியிருந்தா மூச்சு அப்பவே அடைச்சிருக்கும். தலைய நல்லா புடிச்சிக்கினு வந்திருக்கீங்க" என்றார். நான் கட்டியிருந்தது இடுப்பை மட்டும். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சு மெஷினில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். அந்த டாக்டர்களுக்கும் என் கும்பிடு. இன்று பூங்காவனம் களை வெட்டுகிறாள், என்னைத் திட்டுகிறாள், நன்றாக இருக்கிறாள். மலையில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் எந்த நேரமானாலும் நான் வண்டியை எடுக்கிறேன். தனியாகப் போகிறோமே என்ற நினைப்பு இப்போது எனக்கு வருவதில்லை.

உங்களுக்கும் ஒரு நாள் இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் வேலை நின்றுபோகும். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். வார்த்தை சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, நானும் "அமுத்து" என்றுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் வாயிலிருந்து மெஷின் குழாயை எடுத்த பிறகு பூங்காவனம் பேசிய முதல் பேச்சைச் சொல்லி முடிக்கிறேன். நடந்தது எதையும் நான் அவளிடம் அதுவரை சொல்லவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லையே தவிர, வழி நெடுக எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு கம்மிய குரலில் கேட்டாள்:

"நீங்க நவுந்துக்கோன்னதும் ஒரு அம்மா பின்னாடி போயி என் தலையப் புடிச்சிக்கினாங்களே, அவங்கள எங்க எறக்கி வுட்டீங்க?"

நான் எங்கேயும் இறக்கிவிடவில்லை.