மூக்கு நீண்ட விருந்தாளி

நூக்குஸ் நகரில், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டைகளைச் சலிக்கும் கொட்டகையில் அர்ஸிகுலுக்குப் பதினாறு வருட வேலை. ஆரல் கடலில் மிஞ்சிய உப்புநீரிலிருந்து லாரியில் வரும் முட்டைகள் பழுப்பு மாவுபோல இருக்கும். கழுவி, சலித்து, காயவைத்து மூட்டை கட்டினால், அவை எங்கெங்கோ போய்ப் பொரிந்து மீன்களுக்கு இரையாகும். தான் சலித்ததைத் தின்னும் வாயை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றுதான் அவள் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்தாள்.

தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்கள் எதைப் போட்டாலும் தின்றன. வண்ணத்துப்பூச்சி மீன்தான் அவளைப் படுத்தியது. சென்ற வருடம் வாங்கிய இரண்டும் ஒரு வாய்கூடத் தொடாமல் செத்துப்போயின. மார்ச் மாதம் தாஷ்கந்திலிருந்து மூன்றாவது வந்தது. வெள்ளை உடம்பில் தாமிர நிறப் பட்டைகள், ஊசிபோல நீண்ட மூக்கு.

"இதுவும் பட்டினி கெடந்து செத்தா தொட்டியக் காலி பண்ணிடுவேன். சாகடிக்கறதுக்குன்னு இனி ஒரு உயிர வரவழைக்க மாட்டேன்" என்றாள் கணவனிடம்.

தெங்கெல்பாய் பேருந்து ஓட்டுகிறவர். போய் ஒரு வாளியை எடுத்துவந்து தொட்டியின் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"தண்ணி எறைக்கத்தான். நீ சொன்னா சொன்னதுதானே!"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. அதுக்குக் காது கேக்கும்."

முதல் நாள் உறைந்த இறாலை நறுக்கிப் போட்டாள். மீன் அருகில் வந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அடுத்த நாள் சிப்பிச் சதை. பிறகு மீன் முட்டை. வீட்டுக்கு வந்தவர் தட்டைத் தொடவில்லை என்றால் இன்னொரு கரண்டி வைப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம்? அவளும் அதையே செய்தாள். ஆர்ட்டீமியா முட்டைகளைப் பாட்டிலில் பொரிக்கவைத்து, செந்நிறப் புகைபோலத் தொட்டி முழுக்க ஊற்றினாள். கோமாளி மீன்கள் வயிறு புடைக்கத் தின்றன. மிச்சமெல்லாம் அடியில் படிந்தது.

ஏழாம் நாள் மீன் மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கியது. அர்ஸிகுல் சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டினாள். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக மாறியது. தின்னாத தீனி அழுகி, நீரே நஞ்சாகிக்கொண்டிருந்தது. அன்று அந்த வாளியில்தான் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக உப்புக் கலந்த நீரை ஊற்றினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் அவளோடு வேலை செய்யும் பிபிகான், பவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டைப் பொட்டலத்தோடு வந்தாள். அர்ஸிகுல் கிண்ணத்தில் இரண்டு மடக்கு மட்டும் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அது முடிந்ததும் மறுபடி இரண்டு மடக்கு. கை அதைச் செய்துகொண்டிருந்தது. கண் தொட்டியிலேயே இருந்தது.

"என்னத்தடீ போட்ட அதுக்கு?"

அர்ஸிகுல் சொன்னாள். எதை எவ்வளவு போட்டாள் என்பதுவரை சொன்னாள்.

பிபிகான் சிரித்துவிட்டாள். "அடி பாவி! எனக்கு ரெண்டு மடக்கு ஊத்துற, அதுக்குத் ததும்பத் ததும்ப ஊத்துறியா? கிண்ணம் நெறஞ்சா என்ன அர்த்தம்? குடிச்சிட்டுக் கெளம்புன்னுதானே? அது ரோஷக்கார மீனு. கெளம்பப் பாக்குது."

"போடீ, உனக்கு எல்லாமே கேலி."

ஆனால் கையில் இருந்த கெண்டியை அவள் கீழே வைத்துவிட்டாள்.

ஊசி கழற்றிய மருந்துக் குழலில் ஒரு விரற்கடை அளவு ஆர்ட்டீமியாவை உறிஞ்சினாள். நீரோட்டம் நிற்கட்டும் என்று பம்பை அணைத்தாள். தொட்டிக்குள் கிடந்த கல்லில், அந்த ஊசி மூக்குக்கு ஏற்றதாக, சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள் மெல்லச் செலுத்தினாள். அதற்குமேல் ஒன்றும் போடவில்லை.

மீன் அசையவில்லை. அரை மணி கழித்து மறுபடி ஒரு துளி. பிபிகான் மூன்றாவது பவுர்சாக்கை எடுத்தாள். நான்காம் முறை ஓட்டையிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி நழுவி வெளியே வந்தது. மீன் சாய்ந்து அதைப் பார்த்தது. பிறகு மூலையை விட்டு வந்து, அந்த நீண்ட மூக்கை ஓட்டைக்குள் விட்டது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, ஊத்து!" என்றாள் பிபிகான்.

"மாட்டேன். அது கேக்கட்டும்."

மீன் ஓட்டையின் முன்னாலேயே நின்றது. அர்ஸிகுல் பத்து நிமிடம் காத்திருந்து அடுத்த துளியை விட்டாள். அவள் பதினாறு வருடமாகச் சலித்தது, கேட்டு வாங்கித் தின்னும் ஒரு வாய்க்குள் போவதை அன்றுதான் பார்த்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தெங்கெல்பாய் தொட்டி முன் குனிந்து பார்த்தார்.

"வாளிய எடுத்துரவா?"

"எடுங்க. துணி ஊறவைக்கணும்."