அட்டைப்பெட்டிப் பாலில் ஒரு பால்காய்ச்சு

அட்டைப்பெட்டிப் பாலைக் கண்டாலே எனக்கு இளக்காரம்தான். அதற்குப் பால் காரணமல்ல, என் தங்கையின் கணவர்தான் காரணம்.

துபாயில் சம்பாதித்து காரக்கோணத்தில் வீடு கட்டினார். எங்கள் பக்கம் பால்காய்ச்சு அன்று புது வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிய வேண்டும். அந்தப் பால் வீட்டுக்காரியின் பிறந்த வீட்டிலிருந்து போவது எங்கள் குடும்ப வழக்கம். "அண்ணா, நம்ம பசுவுக்க பாலுதான் பொங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று தங்கை முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள். காலையில் கறந்து, தூக்குவாளியோடு அமரவிளையிலிருந்து பைக்கில் போனேன்.

அவர் வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மச்சான், கறந்த பாலில கிருமி உண்டு. இது ஓட்ஸ் பாலு, ஃபாரின் சாதனமாக்கும்" என்று இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக் காட்டினார். பிறகு கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு அந்தப் பெட்டியின் சரித்திரம் வேறு. கண்ணாடிப் போத்தல் உடைகிறது என்று அமெரிக்காவில் ஒருவன் காகிதப் பெட்டிக்கு மெழுகு பூசினானாம். ஸ்வீடன்காரர்கள் அதைக் கடலைப் பொட்டலம் போல முக்கோணமாக மடித்தார்களாம். அப்புறம் பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தாளையும் அடுக்கி ஒட்டி, மாதக்கணக்கில் கெடாமல் செய்தார்களாம். அத்தனையும் உண்மைதான், பின்னால் நானே தேடிப் படித்தேன். உள்ளே இருப்பது பொங்குமா என்று மட்டும் அந்த மேதாவிக்குத் தெரியவில்லை.

பொங்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாகி, கஞ்சி மாதிரி குமிழி விட்டது. அடிபிடித்த வாடை கூடமெங்கும் பரவியது. குரவையிட வாயெடுத்த அத்தை ஒருத்தி மூடிக்கொண்டாள். "மதி, மதி, இவ்வளவு போதும், பொங்கின மாதிரிதான்" என்று அவர் அடுப்பை அணைத்தார்.

எனக்கு உள்ளூர அப்படியொரு குளிர்ச்சி. அந்த அசட்டு முகத்தைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். சாப்பிட்டுவிட்டு, கொண்டுவந்த பாலோடு கிளம்பும்போது தங்கை கார்ஷெட்டில் வழிமறித்தாள். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். கண் சிவந்திருந்தது.

"நான் ஒன்னையே பாத்துட்டு நிண்ணேன் அண்ணா. பாலு ஒனக்க கையில இருந்துது. நீ வந்து ஊத்தியிருந்தா ஆரு தடுப்பா? எனக்க வீட்டுல பாலு பொங்கணும்னு வந்தியா, அவரு தோக்கியதப் பாக்க வந்தியா?"

தூக்குவாளியை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். தோற்பதைப் பார்க்கத்தான் நின்றேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.