ஓவர் இல்லாத ஆட்டம்

பேஸ்பால் சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதற்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிய எழும்பினால் அமெரிக்க லீக் ஆட்டம். அது முடிய, அங்கே படிக்கும் அக்காவின் மகன் இருக்கும் கல்லூரி அணியின் ஆட்டம். போன வருடம் முழுக்க அவனை வெளியிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

இன்று களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி போனைத் திறந்தால், ஆட்டம் சமநிலை. பந்தெறிய மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

பக்கத்து சீட்டில் காத்தான்குடிக்குப் போகும் முஸ்லிம் பெரியவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘காக்கா’, எட்டிப் பார்த்தார்.

“எத்தின ஓவர் தம்பி?”

“இதுக்கு ஓவர் இல்ல காக்கா. ஒரு பக்கம் வெல்லுமட்டும் போகும்.”

“அப்ப எப்ப முடியிற? வேலவெட்டி இல்லாத ஆக்கள்ற விளையாட்டு.”

ஆரையம்பதியில் மருமகன் ஒருவனை வீழ்த்தினான். காக்கா என் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

அடுத்தவனும் விழ, இருவரும் சேர்ந்து கத்தினோம்.

கண்டக்டர் திரும்பினார். “காக்கா, காத்தான்குடி எப்பவோ போயிட்டு. இது கல்லடிப் பாலம்.”

“பரவால்ல, முடியட்டும்” என்றார் காக்கா, தலையை நிமிர்த்தாமல்.

இதை மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் சமநிலைதான்.

வேலைக்குப் பிந்தியதற்குக் கந்தோரில் சொல்ல நல்ல பொய் ஒன்று தாருங்கள். காக்காவுக்கும் வீட்டுக்குச் சொல்ல ஒன்று வேணுமாம்.