அரைக் குளிசை

ஓமந்தைத் தேநீர்க் கடையில் பஸ் நிற்கிறது. அரச ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதிச் செலவு கூடிவிட்டதால் அரசாங்கம் மேலதிக நிதி ஒதுக்குமாம். கடை வானொலி சொல்கிறது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் உருத்திரபுரத்து அக்கா என் பக்கத்தில் இருக்கிறார். வயல் செய்பவர், காப்புறுதி எதுவும் இல்லை. பிரஷர் குளிசையொன்றை நகத்தால் இரண்டாக உடைக்கிறார்.

"முழுசாப் போடச் சொல்லேல்லையோ, அக்கா?"

"சொன்னவைதான். ஆஸ்பத்திரியில முடிஞ்சுதாம், வெளியில வாங்கட்டாம். கையில இருந்த காசுக்கு வாங்கினது, பாதி போட்டாத்தான் மாசத்துக்குக் காணும்."

"கிளினிக்கில பிரஷர் பார்க்கேக்க பிடிபடாதோ?"

"அதுக்கு முதல் நாலு நாள் முழுசாப் போடுவன். கூடிக் காட்டினா டொக்டர் இன்னொரு குளிசையும் எழுதிப்போடுவார்."

கிளினிக் கொப்பியை நீட்டுகிறார். புரட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய பிரஷர் சரியாக இருக்கிறது.